நாள் இல்லாதவனுக்கு ஒரு சைக்கிள்

பெரியம்மா வீட்டு விறாந்தையில் ஒரு லுமாலா சைக்கிள் நிற்கும். அது பெரியம்மாவின் மகன், என் அண்ணாவுடையது. 2008 டிசம்பரில், போர் நெருங்கிவர, கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்ட அன்று உழவு மெசின் பெட்டியில் அதற்கு இடமிருக்கவில்லை. அரிசி மூட்டை, சட்டி பானை, அம்மம்மாவின் கட்டில், அதற்கு மேல் நாங்கள் ஒன்பது பேர். அண்ணா சங்கிலி, பெடல், நட்டு எல்லாவற்றுக்கும் கிறீஸ் அப்பி, தறப்பாளில் சுற்றி, தையல் மெசினோடு சேர்த்து மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் கிடங்கு வெட்டித் தாட்டார். அந்த நாட்களில் வன்னியில் எல்லா வளவுகளிலும் இப்படி ஏதோ ஒன்று மண்ணுக்குள் போனது. ஒரு மாதத்தில் திரும்பி வந்து எடுப்போம் என்றுதான் எல்லோரும் தாட்டார்கள்.

திரும்பி வந்தது 2010இல். கூரைக்குத் தகரம் போடுவதற்கு முதலே பெரியம்மா மண்வெட்டியோடு அந்த இடத்துக்குப் போய்விட்டார். தையல் மெசின் துருப்பிடித்து உதவாமல் போயிருந்தது. சைக்கிள் தப்பியிருந்தது. அண்ணா வரவில்லை. 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், சனம் இராணுவத்தின் பக்கம் கடந்துபோன வட்டுவாகல் பாலத்துக்கு இந்தப் பக்கம் அவரைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் கண்டவர்கள் எவரும் இல்லை.

பெரியம்மா மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சைக்கிளுக்கு எண்ணெய் விடுகிறார். காற்று இறங்கினால் அடிப்பிக்கிறார். ஆனால் பூட்டி வைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற பிள்ளைகள் யார் வந்து கேட்டாலும் கொடுப்பார். இதுவரை ஐந்தாறு பிள்ளைகள் அதில் ஓடி ஓ.எல். பரீட்சை எழுதி முடித்துவிட்டார்கள். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. பின்னேரம் இருட்ட முதல் சைக்கிள் விறாந்தைக்கு வந்துவிட வேண்டும்.

அன்பு என்றால் என்ன என்று எழுதிய ஒரு டென்மார்க் மெய்யியலாளரை நான் பல வருடங்களாக வாசித்து வருகிறேன். அவரோடு நான் நடத்துகிற வாக்குவாதம் முழுவதும் இந்தச் சைக்கிளை முன்னால் வைத்துத்தான் நடக்கிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்தபோது சோரன் கீர்க்ககார்ட் எங்களுக்கு வெறும் பரீட்சைப் பெயர். இருத்தலியலின் முன்னோடி, பதகளிப்பைப் பற்றி எழுதியவர், 1813இல் கோப்பன்ஹேகனில் பிறந்து 1855இல் 42 வயதில் இறந்தவர். குறிப்புக் கொப்பியில் ஒன்றரைப் பக்கம். பரீட்சை முடிந்த பிறகுதான் அவர் 1847இல் வெளியிட்ட 'அன்பின் செயல்கள்' நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு என் கையில் அகப்பட்டது. முன்னுரையிலேயே அவர் சொல்லிவிடுகிறார்: இது அன்பைப் பற்றிய புத்தகம் அல்ல, அன்பின் செயல்களைப் பற்றியது. அன்பு எங்கிருந்து ஊறுகிறது என்பதைத் தோண்டிப் பார்க்கப் போகாதீர்கள், அது மறைவாக இருக்கவே விரும்புகிறது என்கிறார். ஓர் அமைதியான ஏரி, யார் கண்ணுக்கும் தெரியாத ஊற்றுகளிலிருந்து ஆழத்தில் நிரம்புகிறது. மனிதரின் அன்பும் அப்படிக் கடவுளின் அன்பிலிருந்து ஊறுகிறது. ஊற்று இல்லையென்றால் ஏரியும் இல்லை.

இரணைமடுக் குளத்துக்குக் கீழே வளர்ந்த எனக்கு இந்த உவமை முதலில் ஒட்டவில்லை. எங்கள் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாரியில் கனகராயன் ஆறு கொண்டுவந்து கொட்டும், கோடையில் வாய்க்காலால் வயலுக்குப் போகும். எனக்கு அந்த வரி விளங்கியது கிணற்றை நினைத்தபோதுதான். திரும்பி வந்த வருடம் எங்கள் கிணற்றை மூன்று தரம் இறைத்தோம். உள்ளே தகரம், கட்டை, சேறு, என்ன இருக்குமோ என்ற பயம். மூன்றாம் நாள் பொழுதுபட வெறும் அடி தெரிந்தது. விடிய எட்டிப் பார்த்தால் தண்ணீர் கீழ்ப்படியைத் தொட்டு நின்றது, தெளிந்து. இரவு முழுக்க அது எங்கே இருந்து எப்படி வந்தது என்று நாங்கள் யாரும் காணவில்லை. அள்ளிக் குடித்தோம்.

கீர்க்ககார்ட் கிறிஸ்தவர், அதுவும் தன் நாட்டுத் திருச்சபையோடு கடைசி வருடத்தில் வெளிப்படையாகச் சண்டை பிடித்த கிறிஸ்தவர். நான் பிள்ளையார் கோயிலடியில் வளர்ந்த சைவக்காரி. அது எனக்கு இடைஞ்சலாக இருக்கவில்லை. இடைஞ்சலாக இருந்தது வேறொன்று. 1840இல் ரெகீனா ஓல்சன் என்ற பெண்ணுக்கும் அவருக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது. அடுத்த வருடமே அவர் அதை முறித்துவிட்டார். அந்தப் பெண் விட்டுப் போகவேண்டாமென்று கெஞ்சியும் கேட்கவில்லை. பிறகு வாழ்நாள் முழுக்க அவளை நினைத்து எழுதினார், கடைசியில் தன் சொத்தையும் அவளுக்கே எழுதி வைத்தார். கடவுளிடம் போகிற வழி ரெகீனாவைத் துறப்பதில் இல்லை, ரெகீனாவின் ஊடாகவே போகிறது என்று யூத மெய்யியலாளர் மார்ட்டின் பூபர் பிற்காலத்தில் அவரைக் கண்டித்தார். எனக்கும் பூபர் பக்கம்தான் மனம் சாய்கிறது. பக்கத்தில் இருந்தவளோடு வாழ முடியாத ஒருவர் எப்படி அன்பைப் பற்றிப் பேசலாம் என்ற கேள்வியோடுதான் பக்கங்களைப் புரட்டினேன்.

அப்படிப் புரட்டி வரும்போது, இரண்டாம் பகுதியின் கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். இறந்த ஒருவரை நினைவில் வைத்திருப்பது என்ற அன்பின் செயல். தலைப்பே அதுதான்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா 2009 மார்ச்சில், மாத்தளன் கடற்கரையில், செல் விழுந்து செத்தார். எனக்கு அப்போது 16 வயது. ஒரு மணித்தியாலத்துக்குள் பங்கருக்குப் பக்கத்து மணலில் தாட்டோம். பறை இல்லை, ஐயர் இல்லை, சுடலை இல்லை. எட்டாம் நாள் கிரியை நடந்திருக்க வேண்டிய நாளில் நாங்கள் வேறொரு பங்கரில் இருந்தோம். முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டி நாளை அம்மா விரல் மடித்து எண்ணி வைத்திருந்தார். அன்று இரவு ஒரு பிடி அரிசியைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தார். விடிய அதையே கஞ்சியாகக் காய்ச்சினோம், அதைவிட வேறு அரிசி இருக்கவில்லை. 2012இல் அந்தக் கடற்கரைக்குப் போய்த் தேடினோம். மணல் இடம் மாறியிருந்தது. அடையாளத்துக்கு வைத்த பனையும் இல்லை.

இனி கீர்க்ககார்ட் சொல்வதற்கு வருகிறேன். உனக்குள் அன்பு இருக்கிறதா என்று அறிய விரும்பினால், நீ இறந்தவரோடு எப்படி நடந்துகொள்கிறாய் என்று பார் என்கிறார். உயிரோடிருக்கிற இரண்டு பேர் நடுவில் எது அன்பு, எது கைமாற்று என்று பிரித்துப் பார்ப்பது கடினம். அவர் பார்த்தார், நான் பார்த்தேன். அவர் தந்தார், நான் தந்தேன். இறந்தவர் எதுவும் செய்யமாட்டார். ஆகவே அங்கே தெரிவதெல்லாம் உன்னுடையதுதான்.

மூன்று விடயம் சொல்கிறார். இறந்தவரிடம் காட்டும் அன்பில் சுயநலம் இல்லை, ஏனென்றால் திருப்பித் தர அவரிடம் ஒன்றும் இல்லை, ஒரு நன்றிச் சொல்கூட. தாய் தகப்பனின் அன்பிலும் பிள்ளை வளர்ந்து பார்க்கும் என்ற ஒரு நம்பிக்கை கலந்திருக்கலாம், இறந்தவர் வளரமாட்டார். அடுத்து, அது கட்டாயமில்லாத அன்பு. குழந்தை அழுது கேட்கும், ஏழை கையேந்திக் கேட்பான். இறந்தவர் வாயே திறக்கமாட்டார். மறந்துவிட்டால் படலையில் வந்து நின்று ஏன் மறந்தாய் என்று கேட்கவும் மாட்டார். மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. அது மிக உறுதியான அன்பு, ஏனென்றால் இறந்தவர் மாறுவதில்லை. உயிரோடு இருப்பவர்கள் பிரிந்தால், நீதான் மாறிவிட்டாய் என்று மாறிமாறிச் சொல்லலாம். இறந்தவரோடு உள்ள உறவு குளிர்ந்துபோனால் மாறியது யார் என்பதில் சந்தேகமே இல்லை.

அதை வாசித்த அன்று நான் அப்பாவின் குரலை நினைத்துப் பார்க்க முயன்றேன். வரவில்லை. இருமல் வந்தது, குரல் வரவில்லை. அப்பா மாறவில்லை. 16 வயதில் நிற்காமல் நான்தான் வளர்ந்துவிட்டேன்.

இதை எழுதியவருக்குச் சாவு புத்தகத்தில் படித்த விடயம் அல்ல. ஏழு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை அவர். 25 வயதாகும்போது தாய், தகப்பன், ஐந்து சகோதரங்கள் எல்லோரும் போய், ஒரு தமையன் மட்டும் மிஞ்சியிருந்தார். என் மச்சாள் ஒருத்தி டென்மார்க்கில், ஹேர்னிங் பக்கம் இருக்கிறாள். எண்பதுகளில் போன எங்கள் ஆட்கள் நிறையப் பேர் யூட்லண்ட் பக்கம்தான். கீர்க்ககார்ட்டின் தகப்பனும் அந்த மேற்கு யூட்லண்டின் வறண்ட வெளிகளில் ஆடு மேய்த்த பொடியன்தான். குளிரும் பசியும் தாங்காமல் ஒருநாள் மேட்டில் ஏறி நின்று கடவுளைச் சபித்தவன், அந்தச் சாபம் தன் பிள்ளைகளைப் பிடித்துவிட்டது என்று சாகும்வரை பயந்தவன். மச்சாளிடம் வட்ஸ்அப்பில் இந்தப் பெயரை அனுப்பிக் கேட்டேன். "உந்தப் பேரின்ரை அர்த்தம் தெரியுமோ உனக்கு? சேர்ச் வளவு. இஞ்ச சுடலைக்கும் அந்தச் சொல்தான்" என்றாள்.

அந்த அத்தியாயம் சுடலையில்தான் தொடங்குகிறது. வாழ்க்கையைப் பற்றி மனம் குழம்பினால் இறந்தவர்களிடம் போ என்கிறார். அங்கே குழிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. பணக்காரனுக்கு அரை அடி கூட இருக்கலாம், அவ்வளவுதான். இதை வாசிக்கும் வன்னிக்காரர் எவரும் ஒரு கணம் நிற்கத்தான் செய்வார். எங்களுக்கும் ஒரே அளவில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருந்தன. இயக்கப் போராளிகளைத் தாட்ட இடங்கள், துயிலும் இல்லம் என்று பெயர். போருக்குப் பிறகு அவை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. அப்பா மாதிரிச் சனத்துக்கு முதலிலிருந்தே குழியும் இல்லை, கல்லும் இல்லை. இறந்தவரிடம் போ என்றால் எங்கே போவது? அந்தக் கோப்பன்ஹேகன் சுடலையின் மரநிழலில் நின்று எழுதிய மனிதருக்கு இப்படி ஒரு கேள்வி வரும் என்று தோன்றியிருக்காது. அவரும் அங்கே அஸிஸ்டென்ஸ் சுடலையில்தான், குடும்பத்தோடு, பெயர் பொறித்த கல்லின் கீழே கிடக்கிறார்.

இன்னோர் இடத்திலும் அவரோடு எனக்கு ஒத்துவரவில்லை. இறந்தவருக்காக மெல்ல அழ வேண்டும், ஆனால் நெடுநாள் அழ வேண்டும் என்கிறார். தூங்குகிறவரைச் சத்தம் போட்டுக் குழப்பக்கூடாதாம். எங்கள் செத்தவீடு அப்படியில்லை. பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். ஊர் எல்லையில் வரும்போதே சத்தம் கேட்கும். செத்தவர் நட்டது, வெட்டியது, வாங்கிய கடன், கட்டிய வீடு, பிடித்த கறி, எல்லாம் அந்த ஒப்பாரியில் வரும். அது வெறும் சத்தம் இல்லை, ஒரு ஆளின் வாழ்க்கையை ஊருக்கு முன்னால் எடுத்துச் சொல்வது. மாத்தளனில் அம்மா அப்பாவுக்கு ஒப்பாரி வைக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், அடுத்த செல் வருகிற சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக. மெல்ல அழுவதை நாங்கள் தெரிந்தெடுக்கவில்லை. நெடுநாள் என்பது மட்டும் அவர் சொன்னபடியே ஆயிற்று.

கீர்க்ககார்ட் அன்பைக் கடமை என்கிறார். 'அன்பு செய்வாயாக' என்பது கட்டளை. கட்டளையாக இருப்பதால்தான் அது மனம் மாறுகிறபோது விழுந்துவிடாமல் நிற்கிறது என்பது அவர் வாதம். தமிழில் இதைச் சொன்னவுடனே உதைக்கிறது. 'கடமைக்குச் செய்தான்' என்றால் மனமில்லாமல் செய்தான் என்றல்லவா எங்கள் பேச்சில் அர்த்தம். ஆனால் அதே வேரில் 'கடன்' என்று ஒரு சொல் எங்களிடம் இருக்கிறது. பிதிர்க்கடன், இறுதிக்கடன், நன்றிக்கடன். செய்யவேண்டியதும் கடன், திருப்பிக் கொடுக்கவேண்டியதும் கடன். வேதாகமத்தில் பவுல் ரோமருக்கு எழுதியதில், அன்புகூருகிற கடனைத் தவிர வேறு கடன் ஒருவருக்கும் படாதிருங்கள் என்று வருகிறது. அந்த வசனத்தின் மேல் கீர்க்ககார்ட் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறார். அன்பைப் பெற்றவர்தான் கடன்பட்டவர் என்று உலகம் நினைக்கிறது. அவர் திருப்பிப் போடுகிறார். அன்பு செய்கிறவர்தான், செய்யச் செய்ய, அடைத்துமுடிக்க முடியாத கடனுக்குள் போகிறார். மீனை உயிரோடு வைத்திருக்கத் தண்ணீர் வேண்டும் என்பதுபோல அன்பு உயிரோடிருக்க அந்தக் கடன் வேண்டும். நான் எவ்வளவு செய்துவிட்டேன் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் அது கரையில் தூக்கிப் போட்ட மீன்.

வன்னியில் கடன் என்ற சொல்லை இப்போது நல்ல அர்த்தத்தில் சொல்ல வாய் கூசும். போருக்குப் பிறகு நுண்கடன் வாங்கிய பெண்கள், கிழமைக்கிழமை படலையில் வந்து நிற்கிற வசூல்காரர்களுக்குப் பயந்து வீட்டுக்குள் ஒளிந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். ஆனாலும் தம்பி ஒவ்வொரு வருடமும் ஆடி அமாவாசைக்கு விரதம் பிடித்து அப்பாவுக்குப் பிதிர்க்கடன் செய்கிறபோது அந்தச் சொல்லின் மற்றப் பக்கம் தெரிகிறது. அவன் இதுவரை செய்து முடிந்தது என்று எழும்பியதில்லை. அடுத்த வருடமும் வரும் என்றுதான் எழும்புகிறான்.

இந்த இடத்தில்தான் பெரியம்மா.

அப்பாவுக்கு நாள் இருக்கிறது. திதி இருக்கிறது. அண்ணாவுக்கு நாள் இல்லை. அந்தியேட்டி இல்லை, ஆட்டைத் திவசம் இல்லை. ஊரில் பெரியவர்கள் சிலர், போன ஆத்துமா அலையும், ஏதாவது ஒரு நாளைப் பிடித்துச் செய்துவிடு என்று சொல்லிப் பார்த்தார்கள். பெரியம்மா சண்டை பிடிக்கவில்லை. "செத்தவைக்குச் செய்யலாம். செத்தவன் எண்டு நான் சொன்னா, அவனை நான் கொண்டமாதிரி" என்றார். 2016இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது: மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பங்கள், ஆளைக் காணவில்லை என்று உறுதிசெய்கிற வேறொரு சான்றிதழ் எடுக்கலாம். எவ்வளவோ பேருக்கு அது காணி, வங்கி அலுவல்களுக்கு உதவியிருக்கிறது. பெரியம்மா அதையும் எடுக்கவில்லை. படிவத்தை என்னிடம்தான் வாசித்துக் காட்டச் சொன்னார், கடைசிவரை கேட்டார், மடித்து வைத்துவிட்டார்.

கீர்க்ககார்ட்டின் மூன்று அளவுகோலையும் பெரியம்மாவிடம் கொண்டுபோனால் ஒன்றும் பொருந்தாது. சுயநலமில்லாத அன்பா? அவர் கேட்பதெல்லாம் தன் பிள்ளை திரும்பித் தனக்கு வேண்டும் என்பதுதான். கட்டாயமில்லாத அன்பா? காணாமல் போன பிள்ளை வாய் மூடிக் கிடப்பதில்லை. ஒவ்வொரு முறை படலைச் சத்தம் கேட்கும்போதும் அவன் கூப்பிடுகிறான். மாறாதவனா? 21 வயதில் போனவனுக்கு இப்போது என்ன வயது என்று அவர் ஒவ்வொரு வருடமும் கணக்குப் போடுகிறார். அவன் அவருக்குள் வளர்ந்துகொண்டிருக்கிறான், தலை நரைத்திருக்குமோ என்று கேட்கிறார். இறந்தவரை நேசிப்பதுதான் அன்பின் கடைசிப் பரீட்சை என்று எழுதியவருக்கு இப்படியொரு பரீட்சை இருப்பது தெரியாது. என்னுடையது லேசானது என்று எனக்குப் பெரியம்மாவைப் பார்த்துத்தான் தெரிந்தது. நான் அழுதுவிட்டுச் சோறு தின்னலாம்.

பல மாதம் அந்தப் புத்தகத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். பிறகு எடுத்தபோது வேறோர் அத்தியாயம் கண்ணில் பட்டது: அன்பு நிலைத்திருக்கும். உறவு முறிய இரண்டு பேர் வேண்டும் என்கிறார் அங்கே. ஒருவர் போய்விட்டாலும் மற்றவர் விடாமலிருந்தால் அது முறிவு ஆகாது. இதற்கு அவர் ஓர் உவமை வைத்திருக்கிறார். இரண்டு சொற்களைச் சிறுகோடு போட்டு இணைத்து எழுதுகிறோம். முதற்சொல் இருக்கிறது, சிறுகோடு இருக்கிறது, அடுத்த சொல்லைக் காணவில்லை. அதைப் பார்க்கிறவர் சொல் உடைந்துவிட்டது என்று சொல்லமாட்டார். இன்னும் எழுதி முடியவில்லை என்றுதான் சொல்வார். போனவர் போகும்போது அந்தச் சிறுகோட்டைக் கொண்டுபோக முடியாது. அது அன்பு செய்கிறவர் பக்கத்திலேயே இருந்துவிடுகிறது.

இதைத் தன் கதையை வைத்துத்தான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். புத்தகம் செப்டம்பர் 1847இல் வந்தது; நவம்பரில் ரெகீனா வேறொருவரைக் கலியாணம் செய்தாள். முறித்தது அவரே, சிறுகோட்டை வைத்துக்கொண்டு நின்றவரும் அவரே. அவர் மேலிருந்த என் கோபம் அன்றைக்குக் கொஞ்சம் தணிந்தது.

அதோடு சேர்த்து ஒன்றையும் சொல்ல வேண்டும். அவர் அன்பை உள்ளுக்குள்ளேயே வைத்துவிடுகிறார், உலகத்தின் ஏற்றத்தாழ்வு பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட வந்த ஏழை விதவையின் காசை வழியில் ஒருவன் களவெடுத்துவிட்டாலும் அவள் இரக்கம் குறைவதில்லை என்று எழுதுகிறார். குறையாதுதான். ஆனால் களவெடுத்தவன் யார் என்று கேட்பதும் அவள்மேல் வைக்கிற அன்புதானே? 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் உட்கார்ந்தார்கள். படங்களை மடியில் வைத்துக்கொண்டு, வெயிலில், மழையில், வருடக்கணக்காக. பதில் கிடைக்காமலேயே எத்தனையோ அம்மாக்கள், அப்பாக்கள் அந்த வரிசையிலிருந்து செத்துப்போனார்கள். பெரியம்மா கிழமையில் இரண்டு நாள் பஸ் ஏறிப் போய் இருந்துவிட்டு வருவார். அந்தக் கேள்வி உள்ளுக்குள் கிடந்தால் போதாது. அன்பின் செயல்கள் என்று பட்டியல் போட்டால் தெருவோரத்தில் இருந்து கேட்பதும் அதில் வரவேண்டும். கீர்க்ககார்ட் அதை எழுதவில்லை. நான் அவர் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'உன்னைப்போல் பிறனையும் நேசி' என்பதைத்தான் அவர் புத்தகத்தின் முதற்பாதி முழுக்கப் பிடித்துத் தொங்குகிறார். பழைய தமிழ் வேதாகமத்தில் 'பிறன்'. கத்தோலிக்கரின் மொழிபெயர்ப்பில் 'அடுத்திருப்பவர்'. இரண்டுக்கும் எவ்வளவு தூரம்! பிறன் என்றால் அந்நியன், அடுத்திருப்பவர் என்றால் பக்கத்து வீடு. டேனிஷில் என்ன சொல் என்று மச்சாளிடம் கேட்டேன். "நெஸ்த. அடுத்தது. பஸ்ஸிலை அடுத்த தரிப்பிடம் எண்டு போடுறதும் அதுதான்" என்றாள். அதுதான் எனக்குத் திறப்பாக இருந்தது. கீர்க்ககார்ட் சொல்வது: யாரை நேசிப்பது என்று தேடிக்கொண்டிராதே. நீ கடவுளைக் கும்பிட்ட அறையின் கதவைத் திறந்துகொண்டு வெளியே போ. முதலில் எதிர்ப்படுகிறவர்தான் அவர். நண்பரையோ காதலரையோ நாம் தெரிந்தெடுக்கிறோம், அடுத்தவரைத் தெரிந்தெடுப்பதில்லை. எங்கள் பேச்சில் இதற்கு அயலட்டை என்று ஒரு சொல் இருக்கிறது. வன்னியில் அயலட்டை என்றால் அவசரத்துக்கு உப்புத் தருகிறவர்களும் அவர்கள்தான், வேலிச் சண்டை பிடிக்கிறவர்களும் அவர்கள்தான்.

பெரியம்மாவுக்கும் பக்கத்து வளவுக்காரருக்கும் 2011இலிருந்து கதை பேச்சு இல்லை. திரும்பி வந்து எல்லை அளந்து வேலி போட்டபோது வந்த வினை. ஒரு முழம் காணி, ஒரு முருங்கை மரம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும், வாய் திறந்து சொன்னதில்லை. அவரும் தன் மனுசியை அந்தக் கடற்கரையில் விட்டுவிட்டு வந்தவர்தான். அவருடைய பேத்திதான் இப்போது அண்ணாவின் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். அதைப் பற்றி இரண்டு வீட்டிலும் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. காலையில் அவள் வேலிப் பொட்டுக்குள்ளால் வருவாள், சைக்கிளை எடுப்பாள், போவாள். பின்னேரம் கொண்டுவந்து விடுவாள்.

மே மாதம் எங்கள் சந்தியில் கஞ்சி காய்ச்சுவோம். அரிசி, தண்ணீர், உப்பு. கடைசி மாதங்களில் சனம் எதைக் குடித்து உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்ததோ அது. வழியால் போகிற யாருக்கும் கொடுப்போம், சிரட்டையில். கீர்க்ககார்ட் தன் அத்தியாயத்தை முடிக்கும்போது, இறந்தவரை நினை, அதிலிருந்தே உயிரோடு இருப்பவரை நேசிக்கப் படி என்கிறார். அதை நான் விளங்கிக்கொண்டது அந்தக் கிடாரத்துக்குப் பக்கத்தில், விறகுப் புகைக்குள் நின்றபோது.

கிடாரத்தில் அகப்பை போடுவது எப்போதும் பெரியம்மாதான். போன வருடம் அரிசியை உலையில் போடும்போது என்னைப் பார்த்து, "இது உன்ரை அப்பாவுக்குப் பிள்ளை, என்ரை பிள்ளைக்கு இல்லை" என்றார். ஒவ்வொரு வருடமும் அதைச் சொல்வார். பேத்திப் பிள்ளை சைக்கிள் கரியரில் சிரட்டைகளை ஒரு உரப்பையில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினாள்.

அன்றைக்கு முதல் ஆளாக வந்து நின்றவர் பக்கத்து வளவுக்காரர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வீதியின் மற்றப் பக்கத்தைப் பார்த்தபடி நின்றார். பெரியம்மா ஒரு நல்ல சிரட்டையாகத் தேடி எடுத்து, துடைத்து, விளிம்புவரை வார்த்து நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு மிடறு குடிக்கும்வரை பெரியம்மா அகப்பையைக் கிடாரத்துக்குள் விடவில்லை.

பிறகு என்னிடம் திரும்பி, "உப்புக் காணுமோ எண்டு அவரிட்டைக் கேள் பிள்ளை" என்றார்.

அவர் மூன்று அடி தூரத்தில்தான் நின்றார். நான் கேட்டேன்.

"காணும் எண்டு சொல்லு" என்றார் அவர்.

நான் சொன்னேன்.